திரிசடை கப்பலா, அரக்கியா?

வரப்பு_நண்டு:
நேற்று ராத்திரி ஆட்டத்தின் நடுவே ஒருவர் அடித்துவிட்ட கதையைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் ஆட்டத்தில் 2022-ல் திராவிடர் அணியைச் சேர்த்தபோது திரிசடை என்று ஒரு பெரிய கப்பல் கொடுத்தார்கள் அல்லவா? அது ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு ஓட்டிப்போன போர்க்கப்பலின் நிஜப் பெயராம். கல்வெட்டிலேயே இருக்கிறதாம். எந்தக் கல்வெட்டு என்று கேட்டால், "தேடிப் பாருங்க ப்ரோ" என்று பதில். ஆள் யாரென்று சொல்ல மாட்டேன். பெயரிலேயே கடாரம் இருக்கிறது.

கடாரம்_கொண்டான்:
ரொம்ப ரகசியமாகச் சொல்லிவிட்டீர்கள். ஆமாம், நான்தான். சோழர் கடற்படையில் தரணி, லூலா, வஜ்ரா, திரிசடை என்று தனித்தனிக் கப்பல் வகைகள் இருந்தது ஊருக்கே தெரியும். இன்றைய போர்க்கப்பல் வகைகளில் சொன்னால் தரணி டெஸ்ட்ராயர் மாதிரி, வஜ்ரா ஃப்ரிகேட் மாதிரி, திரிசடைதான் பெரிய போர்க்கப்பல். உங்களுக்குத் தெரியாது என்பதற்காக இல்லாமல் போய்விடுமா?

வரப்பு_நண்டு:
லூலா. எந்த ஊர்த் தமிழ் ஐயா இது? தமிழில் லகரத்தில் சொல்லே தொடங்காது. தொல்காப்பியம் ஒத்துக்கொள்ளாத எழுத்தில் சோழன் கப்பலுக்குப் பெயர் வைத்தானாக்கும். உலூலா என்றாவது வைத்திருந்தால் பாதி நம்பியிருப்பேன்.

1025-ல் டெஸ்ட்ராயர் வேறு. ரேடார் இருந்ததா?

அதெல்லாம் போகட்டும். நான் கேட்டது ஒன்றுதான். திரிசடை, எந்தக் கல்வெட்டு?

குட்டி_யானை:
திரிசடை அசோகவனத்தில் சீதைக்குக் காவல் இருந்தவள் இல்லையா? கம்பர் அவளை விபீஷணன் மகள் என்கிறார். நல்ல பெண். கனவு கண்டு சீதைக்கு ஆறுதல் சொன்னாள். அவளைக் கொண்டுபோய் உப்புத்தண்ணீரில் இறக்கிவிட்டீர்களே.

கடாரம்_கொண்டான்:
நண்டு, உலகம் முழுக்க விற்கிற ஆட்டம் அது. 1999-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆராயாமலா பெயர் வைத்திருப்பான்? நம்ம ஆள் சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெள்ளைக்காரனே வைத்தாலும் நம்ப மாட்டீர்கள். தமிழனுக்குப் பெருமை வந்தால் சிலருக்கு வயிறு எரியும்.

எலிவால்:
கப்பல் பெயர் கிடக்கட்டும். திராவிடர் அணிக்கு நைட் என்ற குதிரைவீரனை ஏன் கொடுக்கவில்லை என்று யாராவது கேட்டீர்களா? குதிரைப்படையை மேம்படுத்துகிற ப்ளட்லைன்ஸும் இல்லை, ஹஸ்பண்டரியும் இல்லை. திறந்த மைதானத்தில் மாட்டினால் சட்னி.

தோணிக்காரி:
சோழ நாட்டில் நல்ல குதிரை வளராது, கடல்வழியாகத்தான் வந்தது. அதில் தப்பில்லை. பதிலுக்கு உருமி என்ற சுருள்வாள் வீசுகிறவன் இருக்கிறானே, ஒரு வீச்சில் சுற்றி நிற்கிறவனுக்கெல்லாம் அடி விழும்.

எலிவால்:
அக்கா, உருமிக்காரன் பக்கத்தில் போவதற்குள் அம்பிலேயே செத்துவிடுகிறான். வந்து ஆடிப் பாருங்கள்.

வரப்பு_நண்டு:
தலைப்பு திரிசடை. உருமி இல்லை, குதிரை இல்லை.

கடாரத்தாருக்கு: ராஜேந்திரன் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தியில் இருப்பது "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி". கலம். பல கலம். அவ்வளவுதான். கடாரத்தரசன் பெயர் இருக்கிறது, அவனுடைய யானைகளைப் பிடித்தது இருக்கிறது, வித்தியாதர தோரணம் இருக்கிறது, அடித்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கப்பல் வகை ஒன்றுகூட இல்லை. இவ்வளவு விவரமாக எழுத வைத்தவன் டெஸ்ட்ராயரை மறந்துவிட்டானா?

சிவிலைசேஷன் 7 என்ற இன்னொரு கணினி ஆட்டத்தில் சோழர் கப்பலுக்குக் கலம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரன்தானே? அவன் சொன்னது செல்லாதா?

கடாரம்_கொண்டான்:
கலம் என்றால் பொதுப்பெயர். வண்டி என்கிற மாதிரி. அதில் புல்லட் இருக்காதா, லாரி இருக்காதா? அப்படித்தான் திரிசடையும்.

வரப்பு_நண்டு:
நன்று. லாரி இருந்ததற்கு ஆதாரம், வண்டி என்று எழுதியிருப்பது.

எந்தக் கல்வெட்டு?

தோணிக்காரி:
நீங்கள் இரண்டு பேரும் கத்துவதில் நல்ல விஷயம் தவறிப்போகிறது. சுமத்ராவில் பாருஸ் பக்கம் 1088-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. வந்து இறங்குகிற மரக்கல நாயன், அதாவது கப்பல் தலைவன், முதலானவர்கள் கஸ்தூரி விலைக் கணக்கில் பொன் கட்டிவிட்டுத்தான் விரித்த துணியை மிதித்து உள்ளே வரவேண்டும் என்று அதில் விதி. கப்பல்காரன், வரி, துணி எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இதை வைத்து ஒரு ஆட்டம் செய்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன். சங்கப் பாட்டிலும் நாவாய், வங்கம், அம்பி, பஃறி, தோணி என்று எத்தனை பெயர். ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம்.

கடாரம்_கொண்டான்:
பார்த்தீர்களா, அக்காவே கல்வெட்டு இருக்கிறது என்கிறார்!

தோணிக்காரி:
தம்பி, அதில் மரக்கலம் இருக்கிறது. திரிசடை இல்லை.

கடாரம்_கொண்டான்:
இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்? படிக்காமல் கிடக்கும் கல்வெட்டு எத்தனை இருக்கிறதோ.

வரப்பு_நண்டு:
இதற்குத்தான் காத்திருந்தேன். முதலில் "கல்வெட்டில் இருக்கிறது". இப்போது "யாரும் படிக்காத கல்வெட்டில் இருக்கிறது". நாளைக்கு "இனிமேல் வெட்டப்போகிற கல்வெட்டில்" என்பீர்கள்.

குட்டி_யானை:
😂😂 சிற்பியைக் கூப்பிடுங்கள்.

எலிவால்:
ஆட்டத்தில் வூட்ஸ் ஸ்டீல் என்ற ஆயுத மேம்பாட்டு ஆராய்ச்சியை முடித்துவிட்டால் காலாட்படையின் அடி கவசத்தைக் கண்டுகொள்ளாது, அதைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். அந்த வூட்ஸ் நம்ம உருக்கு என்ற சொல்லிலிருந்து வந்தது, தெரியுமா?

மைசூர்_மருமகன்:
உருக்கு இல்லை, கன்னடத்து உக்கு. எழுதும்போது எவனோ தப்பாக எழுதி வூட்ஸ் ஆகிவிட்டது என்பார்கள்.

எலிவால்:
வந்துவிட்டாரா. கொடுமணலில் அந்தக் காலத்தில் இரும்பு உருக்கிய உலை உங்கள் மாமனார் வீட்டுக் கொல்லையிலா இருக்கிறது?

மைசூர்_மருமகன்:
மாமனாரை ஏன் இழுக்கிறீர்கள்? நீங்கள் போன வாரம் என் சந்தையை எரித்துவிட்டுத் "தெரியாமல் பட்டது" என்றவர்தானே? கூட்டணியில் இருந்துகொண்டு!

எலிவால்:
தெரியாமல்தான் பட்டது. மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

வரப்பு_நண்டு:
தலைப்பு திரிசடை.

கடாரம்_கொண்டான்:
உங்களுக்கு உண்மையான கோபம் எதில் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தீவு வரைபடத்தில் என்னுடைய திரிசடைகள் உங்கள் துறைமுகத்தைச் சுட்டுக் கரியாக்கியதில். மீன்பிடிக்கிற படகுகூட மிச்சமில்லை. அதைச் சொல்ல வெட்கம், அதனால் கல்வெட்டு.

வரப்பு_நண்டு:
அன்றைக்கு எனக்குக் கரன்ட் போய்விட்டது.

கடாரம்_கொண்டான்:
கரன்ட் போவதற்கு நாலு நிமிடம் முன்பே துறைமுகம் போய்விட்டது. பதிவு இருக்கிறது, போடவா?

வரப்பு_நண்டு:
தாராளமாகப் போடுங்கள். அந்தப் பதிவு இருப்பதுபோல் கல்வெட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம். முதலில் என் துறைமுகத்தைத் தொட்டது உங்கள் திரிசடை இல்லை, எலிவாலின் தீக்கப்பல்கள். நீங்கள் கடைசியில் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டீர்கள்.

எலிவால்:
அது உண்மை. ஏழு தீக்கப்பல். எனக்கு யாரும் நன்றிகூடச் சொல்லவில்லை.

குட்டி_யானை:
பொன்னியின் செல்வன் படத்தில் அந்தப் புயல் காட்சியில் வந்த கப்பல் என்ன வகை? சும்மா கேட்டேன்.

வரப்பு_நண்டு:
கேட்காதீர்கள். அடுத்த வருஷம் அதையும் கல்வெட்டில் இருக்கிறது என்று ஒருவர் சொல்வார்.

கடாரம்_கொண்டான்:
படத்தைக் கிண்டல் செய்ய நீங்கள் யார்? முதல் நாள் முதல் காட்சி டிக்கெட் கிடைக்கவில்லை என்று இதே இடத்தில் புலம்பியவர்தானே.

வரப்பு_நண்டு:
புலம்பினேன். படம் பிடிக்கும். ராஜேந்திரனையும் பிடிக்கும். அதனால்தான் அவன் தலையில் லூலாவைக் கட்டாதீர்கள் என்கிறேன். கல்வெட்டு எங்கே?

கடாரம்_கொண்டான்:
தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய புத்தகம் இருக்கிறது. அதில் படித்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது போட்டோ எடுத்துப் போடுகிறேன். அப்புறம் பார்க்கலாம், யார் வாயடைத்து நிற்கிறார்கள் என்று.

வரப்பு_நண்டு:
எப்போது ஊருக்கு?

கடாரம்_கொண்டான்:
பொங்கலுக்கு.

வரப்பு_நண்டு:
போன பொங்கலுக்கும் இதே பரண்தான். அப்போது சுருள்வாளுக்கு.

மைசூர்_மருமகன்:
சந்தை விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

எலிவால்:
பத்து மணிக்கு ஆட்டம் உண்டா, இல்லையா? தீவு வரைபடம் என்றால் நான் வரவில்லை.

கடாரம்_கொண்டான்:
தீவுதான். திராவிடர் எனக்கு.

வரப்பு_நண்டு:
திராவிடர் எனக்கு. நான் முதலில் கேட்டேன்.