யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் நியாய விலைக்கு வாங்க: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

கேள்வி

திருச்சியிலிருந்து வந்து கொக்குவில்ல வாடகைக்கு வீடு எடுத்திருக்கோம். கணவருக்கு இங்கே வேலை, ரெண்டு வருஷமாவது இருப்போம். வீட்டுல கட்டில்கூட இல்ல. எல்லாம் புதுசா வாங்கினா கட்டுப்படியாகாது. பழைய மரச்சாமான், பித்தளைன்னா எனக்கு உயிர். டவுன்ல ஒரு கடையில மூக்கு வச்ச ஒரு பித்தளைப் பாத்திரத்துக்கு விலை கேட்டேன், கேட்ட வேகத்துல வெளியே வந்துட்டேன். எங்கே வாங்கலாம், எது நியாய விலைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? திரும்பும்போது ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியுமா?

பதில்

வாங்கோ தங்கச்சி. நீங்கள் பார்த்தது மூக்குப்பேணி. வாய் படாமல் அண்ணாந்து தண்ணி குடிக்கிறதுக்கு எங்கட வீடுகளில இருந்தது. இப்ப வெளிநாட்டில இருந்து வாற எங்கட சனம் அதை வரவேற்பறையில வைக்க வாங்கினம், ஹோட்டல்காரர் அலங்காரத்துக்கு வாங்கினம். விலை ஏறினது அதால. நல்லூர்த் திருவிழா 25 நாளும் பித்தளைக் கடைப் பக்கம் போகாதேயுங்கோ, லண்டன், கனடாச் சனம் ஊரில நிக்கிற நேரம் அது. கார்த்திகை மழைக்குள்ள போனால் அதே கடைக்காரர் இருந்து ஆறுதலாக் கதைப்பார்.

முதல்ல கட்டில், மேசை, அலுமாரியைப் பார்ப்பம். இதுகளுக்குக் கடையே தேவையில்லை. இஞ்ச எப்பவும் ஆரோ ஒரு குடும்பம் வெளிநாடு போய்க்கொண்டுதான் இருக்கு. போகமுதல் வீட்டுச் சாமானை ஒட்டுமொத்தமாக் குடுப்பினம். உதயன், வலம்புரி சிறு விளம்பரங்களைப் பாருங்கோ, இக்மன் எண்ட விளம்பர இணையத்தளத்திலயும் முகநூலிலயும் தேடுங்கோ. ஆனால் நல்ல சாமான் விளம்பரத்துக்கு வரமுதலே கைமாறிப் போயிடும். அதால உங்கட வீட்டுக்கார அம்மாவிட்ட, சந்திக் கடையில, கோயிலில காணுற ஆக்களிட்ட "கட்டில் ஒண்டு தேடுறம்" எண்டு சொல்லி வையுங்கோ. கொக்குவில், கோண்டாவில் பக்கம் அந்தச் சொல் ஒரு கிழமைக்குள்ள நாலு ஒழுங்கை சுத்தி வரும். ஒரு விஷயம் மட்டும்: பயணத் திகதி நெருங்குது எண்டு தெரிஞ்சு அடிமாட்டு விலைக்குக் கேக்காதேயுங்கோ. நாளைக்கு நீங்களும் இதே மாதிரி வித்துப்போட்டுப் போற ஆள்தான்.

மரத்தைப் பார்க்கிறதெண்டால் மேல்பக்கத்தைப் பார்க்கிறதில பிரயோசனம் இல்லை. வாணிஸ் எல்லாத்தையும் மறைக்கும். லாச்சியை முழுசா வெளிய இழுங்கோ, மேசையைக் கவிட்டுப் போடுங்கோ. வாணிஸ் படாத அந்தப் பக்கத்திலதான் உண்மையான மரம் தெரியும். முதிரை எண்டால் மஞ்சளிச்சு, பட்டு மாதிரி ஒரு மினுக்கம் இருக்கும். ஒரு ஆள் தனியத் தூக்கேலாத பாரம். கால் நிலத்தில படுற இடத்தில கறையான் மண் இருக்கோ, மூலையளில மா மாதிரித் தூள் கொட்டுண்டு கிடக்கோ எண்டு விரலால தடவிப் பாருங்கோ. தூள் புதுசா இருந்தால் உளுப் பூச்சி இன்னும் உள்ள வேலை செய்யுது, விட்டிட்டு வாங்கோ. பழைய தச்சர் ஒரு மரத்தைத் துளைச்சு மற்றதைச் செருகி, மரஆணி இறுக்கித்தான் பொருத்தினவை. அந்தப் பொருத்தில இரும்பு ஸ்குறூ கண்டால் பிறகு ஆரோ திருத்தியிருக்கினம். திருத்தினது குற்றம் இல்லை, ஆனால் "தாத்தா காலத்துச் சாமான், கைபடேல்லை" எண்டு விலை சொல்ல விடக்கூடாது. சாய்மனைக் கதிரையில பிரம்பு அறுந்திருந்தால் பயப்பட வேண்டாம். பிரம்பு பின்னுறவரிட்டக் கூலியைக் கேட்டு, அதைக் கழிச்சு விலை பேசுங்கோ.

பிறிட்ஜ் எண்டால் கரண்ட் போட்டு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்திட்டு வாங்குங்கோ. மோட்டச்சைக்கிள் எண்டால் பதிவுப் புத்தகத்தில இருக்கிற பெயரும் விக்கிற ஆளும் ஒண்டோ எண்டு பாருங்கோ. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இலதான் திரும்ப விட்டவை, அதால பழசும் இஞ்ச மலிவில்லை.

இனிப் பித்தளை. நியாய விலை எது எண்டு கேட்டியள். பழைய பித்தளை வாங்குற கடைக்காரர் கிலோக் கணக்கிலதான் எடுப்பினம். அண்டைக்கு ஒரு கிலோ பழைய பித்தளை என்ன விலை எண்டு பழைய இரும்புக் கடை ஒண்டில கேட்டு வையுங்கோ. கையில பிடிச்சு நிறுக்கிற சின்ன டிஜிற்றல் தராசு ஒண்டைப் பையுக்க போட்டுக்கொண்டு போங்கோ. நிறையை விலையால பெருக்கினால் வாறதுதான் அடிவிலை. அதுக்கு மேல கேக்கிற காசு வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும். அந்த மிச்சத்துக்கு அவர் காரணம் சொல்ல வேணும். "மேல கேக்கிறது எதுக்கு அண்ணை?" எண்டு மரியாதையாக் கேளுங்கோ. சாமான் தெரிஞ்ச ஆள் சந்தோசமா விளங்கப்படுத்துவார். தெரியாத ஆள் விலையைக் குறைப்பார்.

பழமையை நீங்களே பாருங்கோ. இந்தியாவில இருந்து வாற புதுப் பித்தளையையும் கறுப்பாக்கி வைச்சிருப்பினம், அதில கறுப்பு எல்லா இடமும் ஒரே சீராப் பிடிச்சிருக்கும். புழங்கின பேணி அப்பிடி இல்லை. அடிவிளிம்பு தேஞ்சு மழுங்கியிருக்கும், மூக்கின்ர நுனி மெலிஞ்சிருக்கும், கை பிடிச்ச வயிறு வழுவழுப்பா இருக்கும். மூக்கு உடம்போட சேருற இடத்தில உள்பக்கம் விரலை விட்டால் பற்றாசு வைச்ச தடம் தட்டுப்படும். தண்ணி விட்டுக் கொஞ்ச நேரம் வைச்சுப் பாருங்கோ, ஒழுகிறதெண்டால் அங்கதான் ஒழுகும். வெண்கலம் எண்டு சொன்னால் சுண்டிப் பாருங்கோ. கணீர் எண்டு நிண்டு கேட்டால் சரி, சத்தம் செத்துப்போச்சு எண்டால் எங்கயோ வெடிப்பு.

பிறகு கழுத்தடியில, அடியில பேர் வெட்டியிருக்கோ எண்டு தேடுங்கோ. சீதனமாக் குடுத்த செம்பு, தட்டு, குத்துவிளக்கில முதலெழுத்துப் புள்ளிபுள்ளியாக் குத்தியிருக்கும். அந்த எழுத்தை அராவி அழிச்சிருந்தால் தயவுசெய்து வாங்காதேயுங்கோ. நான் இதை அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. 1995 ஒக்ரோபர் 30, சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாண நகரம் உட்பட்ட வலிகாமத்துச் சனம் ஒரே இரவில வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. திரும்பி வந்த கனபேருக்கு வீடு மட்டும்தான் நிண்டது, சிலருக்கு அதுவும் இல்லை. 2002இல ஏ9 பாதை திறந்தாப்பிறகு தெற்கில இருந்து வியாபாரிமார் வந்து கதவு, தூண், பெட்டகம் எண்டு லொறி லொறியா ஏத்தினவை. காசு முட்டில வித்த சனமும் இருக்கு, தங்கட சாமான் ஆரோ வித்ததை அறிஞ்ச சனமும் இருக்கு. பேர் அழிபடாமல் இருக்கிற செம்பை, இன்ன வீட்டில வாங்கினது எண்டு கடைக்காரர் சொல்லக்கூடிய செம்பை, கொஞ்சம் கூடக் குடுத்தாவது வாங்குங்கோ.

நடுவில முற்றம் வைச்ச பழைய நாற்சார் வீடு உடைக்கிற இடம் கண்டால் நிண்டு பாருங்கோ. நிலை, கதவு, பனந்தீராந்தி (பனை மர உத்தரம்), ஓடு எல்லாம் அங்கயே குடுப்பினம், கடை விலையில பாதிகூட வராது. ஓட்டில "பாசல் மிஷன் 1865" எண்டு முத்திரை இருந்தால் 1865இல செய்த ஓடு எண்டு சொல்லி விலை ஏத்துவினம். அது மங்களூரில அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கின ஆண்டு, பிறகு செய்த ஓட்டிலயும் அதே எண்தான் கிடக்கும். சிங்கர் தையல் மெசினுக்கு இது எதிர்மாறு. உடம்பில இருக்கிற தொடர் எண்ணை வைச்சு எந்த ஆண்டுச் சாமான் எண்டு கண்டுபிடிக்கலாம். எழுத்தில்லாமல் வெறும் இலக்கம் மட்டும் எண்டால் 1900க்கு முந்தினது.

வாங்கத் தொடங்கமுதல் ஒரு நாள் ஒதுக்கி நாவலர் வீதியில இருக்கிற தொல்பொருள் அருங்காட்சியகத்தையும், நாவற்குழியில இருக்கிற சிவபூமி அரும்பொருட்காட்சியகத்தையும் பார்த்திட்டு வாங்கோ. உண்மையான சாமானைப் பார்த்த கண்ணுக்குப் பிறகு போலி சட்டெண்டு பிடிபடும்.

கேள்வி

அக்கா, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஒருத்தர் பழைய செப்புக் காசு காட்டினார், கந்தரோடையில மண்ணுல எடுத்ததுன்னு சொன்னார். ஊருக்குப் போகும்போது இதெல்லாம் கொண்டு போகலாமா? அப்புறம், பக்கத்துத் தெருவுல ஒரு பூட்டின வீடு, அதைப் பார்த்துக்கிறவர் உள்ளே இருக்கிற பெட்டகத்தைத் தரேன்னு சொல்றார். விலையும் ரொம்பக் குறைவு.

பதில்

காசைத் தொடாதேயுங்கோ. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, நிலத்துக்குள்ள கிடந்து எடுக்கிற தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். 1815 மார்ச் 2க்கு முந்தினதைத்தான் அந்தச் சட்டம் தொல்பொருள் எண்டு சொல்லுது. ஒல்லாந்தர் இஞ்ச 1658இல இருந்து 1795 வரைக்கும் இருந்தவை, அதால அவையின்ர காசும் அதுக்குள்ள வரும்; யாழ்ப்பாணத்து அரசரான ஆரியச்சக்கரவர்த்தியளின்ர சேது எண்டு பொறிச்ச காசு அதுக்கும் முந்தினது. அந்த மனுசன் சொல்லுறது உண்மையெண்டால் குற்றம், பொய்யெண்டால் நீங்கள் வாங்குறது போலி. ரெண்டிலயும் உங்களுக்கு நட்டம்.

ஏட்டுச்சுவடி ஆரும் காட்டினாலும் விலை பேசாமல், நூலகம் நிறுவனத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கோ. அவை சுவடியளைப் படம் பிடிச்சு இணையத்தில ஏத்தினம், சுவடி உடையவரிட்டயே இருக்கலாம்.

ஊருக்குக் கொண்டு போறதெண்டால், இப்பத்தையப் பாத்திரமும் புதுக் கட்டிலும் பிரச்சினை இல்லை. பழம்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோக 1988ஆம் ஆண்டு 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டப்படி தொல்பொருள் திணைக்களத்தின்ர அனுமதிப்பத்திரம் வேணும். கடைக்காரர் "ஒண்டும் கேக்காயினம்" எண்டு சொல்லுவார். பலாலி விமான நிலையத்திலயோ காங்கேசன்துறைக் கப்பலடியிலயோ பெட்டியைத் திறக்கேக்க அவர் பக்கத்தில நிக்கமாட்டார். சாமானைப் படம் எடுத்து, அளவு, நிறை எழுதி, பயணத்துக்கு நல்லா முந்தியே விண்ணப்பியுங்கோ. தந்தம், ஆமையோடு பதிச்ச பெட்டி எண்டால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பெட்டகம். இதுக்குத்தான் நான் பயப்படுறன். வீட்டைப் பார்க்கிறவர் நல்ல மனுசனாயே இருக்கலாம், "அவை இனி வரமாட்டினம், கறையான் தின்னப் போகுது" எண்டு உண்மையா நினைச்சும் குடுப்பார். ஆனால் அது அவற்ற இல்லை. அந்தப் பெட்டகத்தைத் தங்கட அம்மம்மான்ர பெட்டகம் எண்டு ஞாபகம் வைச்சிருக்கிற பிள்ளையள் ரொறன்ரோவிலயோ பாரிஸ் நகரத்திலயோ இருக்கும். உரிமையாளரின்ர வட்ஸப் இலக்கத்தைக் கேளுங்கோ. தரமாட்டன் எண்டால் கதை அதோட முடிஞ்சுது. தந்தால் நீங்களே படம் அனுப்பி, உங்களை அறிமுகப்படுத்தி, விக்க விருப்பமோ எண்டு கேளுங்கோ. கனபேர் ஓம் எண்டுவினம், பாவிக்கிற ஆளிட்டப் போகுது எண்டால் விலையும் பாராயினம். சம்மதத்தை எழுத்தில வாங்குங்கோ. காசை அவை சொல்லுற வங்கிக் கணக்குக்குப் போடுங்கோ, வீட்டைப் பார்க்கிறவருக்கு அவற்ற கூலியைத் தனியக் குடுங்கோ. ஒரு தாளில சாமான், விலை, திகதி, ரெண்டு பேரின்ர அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கையெழுத்து வையுங்கோ. லான்ட்மாஸ்ரரில (சின்ன உழவு மெசின் வண்டி) ஏத்தமுதல் கிராம அலுவலருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கோ.