தொட்டி வல்லாரை: இலை சிறுத்துப்போகுது, நடுவில் அழுகுது. என்ன செய்யலாம்?

மாடிக்கீரை (திருச்சி):
வணக்கம். வாய்க்கால் ஓரத்து வல்லாரைக் கொடியைத் தொட்டியில் நட்டு மூன்று மாதம் ஆகிறது. ஈரத்தில் வளரும் செடி என்பதால் அடியில் தட்டு வைத்து எப்போதும் தண்ணீர் நிற்கும்படி விட்டிருக்கிறேன். மொட்டைமாடி, முழு வெயில், போர் தண்ணீர். நடுவில் கொடி கறுத்து அழுகுகிறது. ஓரத்து இலைகள் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாவதில்லை. நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கின்றன. துவையல் அரைத்தால் வாயில் வைக்க முடியாத கசப்பு. இது வல்லாரைதானா என்றே சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம் (தஞ்சாவூர்):
முதலில் தட்டை எடுத்துவிடுங்க. வரப்பில் வல்லாரை எங்கே படர்கிறது என்று பாருங்க. தண்ணீருக்குள்ளே அல்ல, தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு சாண் மேலே, மண் கசிந்துகொண்டே இருக்கும் சரிவில். அங்கே ஈரமும் இருக்கும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். தட்டில் தேங்கிய நீரில் காற்று போய்விடும், கணு வேர்கள் மூச்சு முட்டி அழுகும். அதுதான் நடுவில் கறுப்பது.

ஆழமான தொட்டியும் தேவையில்லை. வேர் மேலாகவே ஓடும். 6 முதல் 8 அங்குல ஆழம் போதும், அகலம்தான் முக்கியம், ஏனென்றால் கொடி ஓடி ஓடித்தான் புதுச் செடி வைக்கும். பழைய பிளாஸ்டிக் தொட்டியை அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு எடுத்துக்கொள்ளலாம். மண் கலவை: தோட்டத்து மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. நார்த்தூளை இரண்டு முறை கழுவிப் பிழிந்து போடுங்க, அதில் உப்பு இருக்கும்.

இப்போது இருக்கும் செடியைப் பிரிங்க. கறுத்ததை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளை வேர் விட்ட இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து, அரை அடி இடைவெளியில் நடுங்க. கணு மண்ணைத் தொட வேண்டும், ஆனால் குருத்து மூடக் கூடாது. மூடினால் அங்கேயே அழுகல் ஆரம்பிக்கும். ஈர்க்குச்சியை வளைத்துக் கொக்கிபோல் குத்திப் பிடித்துவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் பிடித்துக்கொள்ளும். விதை போட்டுக் காத்திருக்காதீங்க, முளைப்பு ரொம்பக் குறைவு.

வெயில்: காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் போதும். சித்திரை, வைகாசியில் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். முழு வெயிலில் இலை சின்னதாக, தடிப்பாக, கசப்பாகத்தான் வரும். நிழலில் இலை அகலும், மெலியும், கசப்பும் குறையும். முழு இருட்டு நிழலும் ஆகாது, காம்பு மட்டும் நீண்டு இலை தொங்கும்.

நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்பது இரும்புச்சத்துக் குறை. புது இலையில் முதலில் தெரிந்தால் அதுவேதான். சுண்ணாம்பு அதிகமுள்ள போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் காரத்தன்மைக்குப் போகும். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. மழைநீர் பிடித்து வைத்து வாரம் இரண்டு முறையாவது ஊற்றுங்க. அவசரத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து அரை எலுமிச்சைச் சாறு விட்டு, மண்ணில் மட்டும் ஊற்றலாம். உண்ணும் இலைமேல் தெளிக்க வேண்டாம்.

பச்சையம்:
வல்லாரைதானா என்பதற்கு: இலை சிறுநீரக வடிவம், ஓரம் வளைவு வளைவாக வெட்டியதுபோல, காம்பு இலையின் பிளவில் சேரும். கசக்கினால் லேசாகக் கொத்தமல்லித் தழை சாயலில் மணம். இரண்டும் ஒரே குடும்பம். பூ இலைக்கு அடியில், மண்ணை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவில் சிவந்து இருக்கும்.

காம்பு வட்ட இலையின் நடுவில் குடைக்கம்பிபோலச் சேர்ந்தால் அது குளத்து அழகுச்செடி. ஒவ்வொரு கணுவிலும் ஒற்றை இலையும் மஞ்சள் நிறப் புனல் பூவும் இருந்தால் எலிச்செவிக் கீரை. தண்ணீர்க் கரையில் சின்னத் தடித்த இலையும் வெளிர் ஊதா அல்லது வெள்ளைப் பூவும் உடையது நீர்ப்பிரமி. வட இந்தியாவில் வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டையுமே ‘பிராமி’ என்கிறார்கள், அதனால் பொடி வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

மாடிக்கீரை (திருச்சி):
நன்றி. பிளவில்தான் காம்பு சேர்கிறது, ஓரமும் வளைவாக இருக்கிறது. எப்போது அறுக்கலாம்? சில இலைகளில் ஊசி குத்தினதுபோல வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய நூல்.

வரப்போரம் (தஞ்சாவூர்):
அது சிவப்புச் சிலந்திப்பேன். வறண்ட வெப்பத்தில்தான் பெருகும். மூன்று நாள் காலையில் இலையின் அடிப்பக்கம் படத் தண்ணீர் பீய்ச்சுங்க, பாதி போய்விடும். மீதிக்கு வேப்ப எண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்தே பறிக்கணும்.

நட்டு இரண்டு மூன்று மாதத்தில் முதல் அறுப்பு. பிடுங்காதீங்க, மண்ணுக்கு ஒரு அங்குலம் மேலே கத்தரிக்கோலால் காம்பை வெட்டுங்க, மூன்றில் ஒரு பங்கை விட்டுவைங்க. பிறகு மாதம் ஒரு முறை கிடைக்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். யூரியா போட்டால் இலை கொழுத்து அசுவினிப் பூச்சி ஏறும். வருஷத்துக்கு ஒரு முறை நடுவைப் பிரித்து நடாவிட்டால் கொடி மேல் கொடி ஏறித் திரும்பவும் அழுகும்.

தேசிக்காய் (யாழ்ப்பாணம்):
கசப்புக்கு வெயில் மட்டும் காரணம் இல்லை, வெட்டுற விதமும்தான். முத்தல் இலையை விட்டிட்டு இளசை எடுங்கோ. இலையைக் கட்டாகச் சுருட்டி, கூரான கத்தியாலை ஒரே தரம் மெல்லிசா அரியுங்கோ. திரும்பத் திரும்பக் கொத்தினால் நசிஞ்சு கறுத்துக் கைக்கும்.

சம்பலுக்கு: அரிஞ்ச வல்லாரை இரண்டு பிடி, தேங்காய்ப்பூ (துருவின தேங்காய்) அரைக் கோப்பை, சின்ன வெங்காயம் ஏழெட்டு, பச்சை மிளகாய் இரண்டு, உப்பு, கொஞ்சம் மிளகுதூள். வெங்காயம், மிளகாய், உப்பு, தேங்காய்ப்பூவை முதல் கையாலை பிசைஞ்சு, பிறகு இலையைப் போட்டு மெதுவாக் கிளறி, சோறு பரிமாறேக்கை தேசிப்புளி (எலுமிச்சைச் சாறு) விடுங்கோ. முன்னமே புளி விட்டால் தண்ணி விட்டுப் பச்சை நிறமும் போயிடும். இரவுக்கு வைக்கிற சாமான் இல்லை இது.

இலைக்கஞ்சி எண்டால் கால் கோப்பைச் சிவப்பரிசியைக் குழைய அவிச்சு, தேங்காய்ப்பால் விட்டு, ஒரு பிடி இலையை அரைச்சு வடிச்ச சாறைக் கடைசியிலை சேருங்கோ. ஓரம் நுரைக்கத் தொடங்கினதும் இறக்கவேணும். கொதிக்க விட்டால் நிறம் பழுப்பாகும். பனங்கட்டியை (கருப்பட்டி) கடிச்சுக் குடிக்கலாம்.

துவையலுக்கு இலையை இரண்டு நிமிஷத்துக்கு மேலை வதக்காதேங்கோ.

பச்சையம்:
ஒன்று விட்டுப்போனது. வாய்க்கால் ஓரத்துக் கொடி என்றீர்களே. வல்லாரை மண்ணில் உள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி இலையில் சேர்க்கும். அதைக் கழுவி எடுக்க முடியாது. சாக்கடை கலக்கும் இடம், களைக்கொல்லி அடித்த வரப்பு, சாலையோரம் ஆகிய இடங்களில் கொடி எடுக்கவே வேண்டாம். நல்ல இடத்துக் கொடியானாலும் புது மண்ணில் நட்டு, பழைய இலைகளை எறிந்துவிட்டு, இரண்டாவது துளிரிலிருந்து சாப்பிடுங்கள்.

ஆடுமாடு, எலி நடமாடும் ஈர நிலத்து இலையைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. மஞ்சள் நீர், உப்பு நீர் எல்லாம் மண்ணையும் நத்தையையும் நீக்கும், கிருமியை முழுதாக நீக்காது. அதை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். சம்பலுக்குத் தொட்டி வல்லாரைதான் சரி.

வாரம் இரண்டு முறை உணவாகச் சாப்பிடுவது வேறு, சாறாக மாத்திரையாக நாள்தோறும் எடுப்பது வேறு. அப்படி எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தளவில் எடுக்க வேண்டாம்.