கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்கவில்லை, வயரிங் வேலையோடு குடும்பம் நடத்தலாமா?

(பேசுபவர்கள் தங்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்பட்டுள்ளனர்.)

களுவாஞ்சிக்குடி: ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) இரண்டு தரம் எடுத்தும் கம்பஸ் கிடைக்கவில்லை. மாமாவோடு வயரிங் வேலைக்குப் போய் மூன்று வருடம். கலியாணம் பேசப் போனால் "மாப்பிள்ளை என்ன படிச்சவர்" என்றுதான் கேட்கிறார்கள். கத்தாருக்குப் போகவா, ஊரிலேயே இருக்கவா?

அக்கரைப்பற்று: தம்பி, மூன்று வருட அனுபவம் இருக்குதுதானே, நைற்றாவில் (அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) விண்ணப்பித்தால் வகுப்புக்குப் போகாமலே செய்த வேலையைக் காட்டி என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) எடுக்கலாம். நான் 4ஆம் மட்டம் எடுத்தேன், 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமன். சோதிக்க வந்தவர் போர்டைத் திறந்ததும் முதலில் பார்த்தது எர்த் வயரைத்தான்!

ஆரையம்பதி: அந்தச் சான்றிதழை எடுத்துப்போட்டே கத்தாரை யோசி. என்னை எலக்ட்ரீஷியன் என்று அனுப்பி சிமெந்து மூட்டை தூக்க வைத்தார்கள், கையில் ஒரு கடதாசியும் இல்லை, என்னத்தைக் கேட்கிறது.

களுவாஞ்சிக்குடி: சரி அண்ணன். மாமா கடிதம் தந்தால் காணுமா?

அக்கரைப்பற்று: வயரிங் செய்த வீடுகளின் போட்டோவும் கொண்டு போ.