புதுப்பிப்பு: பாம்புத் தொட்டி ஹீட் மேட்

என் கார்ன் ஸ்நேக்கின் வயிற்றுச் செதில்கள் சிவந்திருக்கின்றன, தொட்டிக்கு அடியில் ஒட்டிய ஹீட் மேட்தான் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) காரணமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். அதேதான். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராக ப்ளக்கில் செருகியிருந்தேன். பக்கவாட்டில் ஒட்டிய வட்ட மீட்டர் 28 டிகிரி காட்டியது. அகச்சிவப்பு வெப்பமானியை மேட்டுக்கு மேலுள்ள கண்ணாடியில் காட்டினால் 46! காற்றை அளந்துகொண்டு தரையை மறந்திருக்கிறேன்.

மேலோட்டமான தீக்காயம்தான் என்றார் மருத்துவர். களிம்பு கொடுத்தார். ஆறும்வரை மரத்தூளுக்குப் பதில் காகிதம்.

அப்புறம் தெர்மோஸ்டாட் வாங்கினேன். சென்சாரை முதலில் தொட்டிக்குள் வைத்தேன். இரண்டாம் நாளே பாம்புப் பையன் அதை மூக்கால் நெம்பித் தண்ணீர்க் கிண்ணத்தில் தள்ளிவிட்டான். சென்சார் குளிர்ந்தால் மேட் நிற்காமல் சுட்டுக்கொண்டே இருக்கும் அல்லவா? அதனால் இப்போது மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே டேப் போட்டு ஒட்டியாயிற்று. சூடான பக்கத் தரை 30, 31இல் நிற்கிறது, மறுபக்கம் 24. மூலைகளில் ரப்பர் கால்களும் வைத்தேன், அடியில் காற்றுப் போகாவிட்டால் சூடு தேங்கும்.

ஹீட் ராக் (மின்சாரத்தில் சூடேறும் செயற்கைக் கல்) வாங்கச் சொன்னவருக்கு: வேண்டாம் சாமி, பட்டது போதும்.

நேற்று ஒரு சுண்டெலி சாப்பிட்டான்.