பனிக் காட்டில் தனியாக நடந்தேன்: கால் விரல் மரத்தது, போன் அணைந்தது. எங்கே தவறு?

தனிவழி:
வணக்கம். போன சனிக்கிழமை முதல்முறையாகத் தனியாகப் பனிக் காட்டுக்குள் போனேன். மைனஸ் 12 டிகிரி, காற்று இல்லை, கணுக்கால் வரை பனி. முதல் அரை மணி நேரம் முதுகு வியர்க்கும் அளவுக்குச் சூடாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரத்துக்கு எதிரே பத்து நிமிடம் நின்றேன். கிளையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழும், மறுபடி ஒரே நிசப்தம். அதற்காகவே இன்னொரு முறை போக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஆனால் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. வலது கால் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. ஜாக்கெட் வெளிப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தால், 58 சதவீதம் காட்டியது கண்முன்னே அணைந்துவிட்டது. வரைபடம் அதில்தான் இருந்தது. என் காலடித் தடத்தைப் பார்த்தே திரும்பினேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் போன் தானாகச் சரியாகிவிட்டது. போன் பழுதா? இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் விரல் ஏன் மரத்தது?

ஊசியிலை:
போன் பழுதில்லை. கடுங்குளிரில் லித்தியம் அயன் பேட்டரியின் உள்தடை கூடி, மின்னழுத்தம் சட்டென்று இறங்கும், போன் அணைந்துவிடும். சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டினாற்போல் வையுங்கள். சில்லிட்ட போனை உடனே சார்ஜில் போடாதீர்கள், 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி கெடும். காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். தடத்தை நம்பித் திரும்பியது உங்கள் நல்ல நேரம். காற்று எழுந்திருந்தால் தடம் மூடியிருக்கும்.

மரநிழல்:
பூட்ஸுக்குள் விரலை அசைக்க முடிந்ததா? சாக்ஸ் பருத்தியா?

தனிவழி:
இரண்டும் பருத்திதான். இரண்டாவது ஜோடியைத் திணித்துத்தான் போட்டேன், அசைக்க இடமே இல்லை.

மரநிழல்:
அப்படியானால் காரணம் அதுதான். பூட்ஸ் இறுகினால் விரலுக்கு ரத்தம் சரியாகப் போகாது. இடையில் சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றும் நசுங்கிப் போகும். போதாததற்குப் பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். தடிமனான கம்பளி சாக்ஸ் ஒரே ஜோடி, ஒரு அளவு பெரிய பூட்ஸ், அது போதும்.

உங்களை நடுங்க வைத்ததும் வியர்வைதான். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் நடையே சூடேற்றிவிடும். வியர்க்கப்போகிறது என்று தோன்றினாலே ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். நிற்பதற்கு முன்பே, குளிர்வதற்கு முன்பே, பையிலுள்ள தடித்த ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொள்ளுங்கள். நான் இதை நடுங்கி நடுங்கித்தான் கற்றேன், நீங்களும் அப்படிக் கற்க வேண்டாம்.

இன்னொன்று: மரத்த விரலைத் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். உணர்வில்லாததால் சுடுவது தெரியாது. தோல் வெளுத்து மெழுகு போல் ஆகியிருந்தால் மருத்துவரிடம் போங்கள். இப்போது எப்படி இருக்கிறது?

தனிவழி:
அன்றிரவே உணர்வு வந்துவிட்டது, நிறமும் சரி. மிக்க நன்றி.

வடதிசை:
வழியில் ஏரி இருந்தால் குறுக்கே நடக்க வேண்டாம். மேலே கிடக்கும் பனி போர்வை மாதிரி, அடியில் பனிக்கட்டி தடிக்க விடாது. ஓடை வந்து சேரும் இடம் இன்னும் மோசம். 60 டிகிரி வட அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் 6 மணி நேரம்கூட இல்லை; தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

தனிவழி:
இன்று போய் வந்தேன். மைனஸ் 9. அக்காவிடம் இரண்டு மணிக்கு அழைப்பேன் என்று சொல்லியிருந்தேன். ஒரே ஜோடி கம்பளி சாக்ஸ், விரல்கள் கடைசிவரை அசைந்தன. நிற்பதற்கு முன்பே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அதே ஸ்ப்ரூஸுக்கு எதிரே இருபது நிமிடம் நின்றேன். போன் 71 சதவீதத்தில் இருந்தது. ஒன்றே முக்காலுக்கே அழைத்துவிட்டேன்.