கணினி காண்பது ஒப்புமையா, வெறும் பழக்கமா?

ஆழி:
ஓர் எழுத்துப் புதிர். 'அ ஆ இ' என்பது 'அ ஆ ஈ' ஆனால், 'ஒ ஓ ஔ' என்ன ஆகும்? ஔ-வுக்கு அடுத்து உயிரெழுத்து இல்லை. கொஞ்சம் யோசித்தால் வரிசையைத் திருப்பிப் பிடிக்கலாம்: கடைசி எழுத்து முன்னே போக முடியாததால் முதல் எழுத்து ஒரு படி பின்னே வரும், 'ஐ ஓ ஔ'. ஆங்கில எழுத்துகளில் இப்படிப்பட்ட புதிர்களுக்காகவே ஆய்வாளர்கள் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டரும் மெலனி மிட்செலும் காப்பிகேட் என்ற நிரலை உருவாக்கினார்கள். பலமுறை இயக்கியும் இந்தத் திருப்பம் அதற்குச் சில முறைதான் கிடைத்தது. எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் ஒப்புமை. மொழி மாதிரிகளிடம், அதாவது ஏராளமான உரையைக் கொண்டு பழக்கப்பட்ட ஜிபிடி போன்ற நிரல்களிடம், அது இல்லை என்பது என் கட்சி.

செங்காந்தள்:
ஆழி, உங்கள் புதிரிலேயே இன்னொரு விதி ஒளிந்திருக்கிறது. இ ஈ-யானது குறில் நெடிலானதும்தானே? ஔ ஏற்கெனவே நெடில். அப்படியானால் எதுவும் மாற வேண்டாம். அழகான விடையைச் சரியான விடை என்கிறீர்கள். டெய்லர் வெப், கீத் ஹோலியோக் குழுவின் 2023 ஆய்வில், ஜிபிடி-3 இவ்வகைப் புதிர்கள் பலவற்றில் மனிதர்களுக்கு நிகராகவோ மேலாகவோ செய்தது.

ஆழி:
குறில் நெடிலை நான் யோசிக்கவே இல்லை, நல்ல பிடி! ஆனால் அந்த ஆய்வுக்குப் பிறகு மார்த்தா லூயிஸும் மிட்செலும் அகரவரிசையையே கலைத்துவிட்டுச் சோதித்தார்கள். மனிதர்கள் பெரிதாகத் தடுமாறவில்லை. ஜிபிடி மாதிரிகள் சரிந்தன. பழகிய வரிசை போனதும் திறமையும் போனால் அதை எப்படிப் புரிதல் என்பது?

செங்காந்தள்:
அதற்கும் வெப் குழு பதில் சொன்னது. கலைத்த வரிசையில் எழுத்தின் இடத்தை எண்ணுவதுதான் அங்கே தடை. நிரல் எழுதி இயக்க விட்டதும் ஜிபிடி-4 தீர்த்தது. எண்ண வராததை ஒப்புமை வராதது என்று எழுதிவிடக் கூடாது.

புள்ளிக்கோலம்:
மனிதர்களையும் ரொம்ப உயரத்தில் வைக்க வேண்டாம். 1980-இல் உளவியலாளர்கள் கிக், ஹோலியோக் இருவரும் ஒரு கணக்கு கொடுத்தார்கள். உடலுக்குள் ஒரு கட்டி. அதை அழிக்கும் அளவு வலுவான கதிர் நல்ல திசுவையும் அழித்துவிடும். என்ன செய்வது? பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியில் குவிக்க வேண்டும். அதற்கு முன்பே, படையைப் பிரித்துப் பல சாலைகளில் அனுப்பிக் கோட்டையைப் பிடித்த தளபதியின் கதையைப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். தானாகப் பொருத்தியவர்கள் நூற்றுக்குச் சுமார் 30 பேர். 'அந்தக் கதை உதவலாம்' என்றதும் சுமார் 75.

ஆழி:
எனக்கு அந்த 75-தான் பெரிதாகத் தெரிகிறது. சரியான கதை நினைவுக்கு வருவது கடினம், ஒத்துக்கொள்கிறேன். வந்துவிட்டால் படை கதிராகிறது, கோட்டை கட்டியாகிறது. எதற்கு எது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நிரல் விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதர்கள் விரல்விட்டு எண்ணியே முடித்துவிட்டார்களே?

செங்காந்தள்:
விரலும் துணைதானே! அப்புறம், குறிப்பு கொடுத்தும் பொருத்தாத மிச்சம் 25 பேரை என்ன சொல்வீர்கள்? அவர்களுக்கு ஒப்புமையே தெரியாது என்பீர்களா?