இ39 ட்ரிப் கம்ப்யூட்டர் -40 டிகிரி காட்டுது, மீட்டரையே மாத்தணுமா?

சுங்கை சிப்புட் தம்பி:
வணக்கம்ணே, யாராச்சும் வழி சொல்லுங்க. அப்பா ஆசையா வச்சிருக்கிற காடி, 1999 பிஎம்டபிள்யூ 528ஐ, கம்பெனி இ39னு பேர் வச்ச பாடி. கொஞ்ச நாளா ட்ரிப் கம்ப்யூட்டர்ல வெளி வெப்பம் -40லயே நிக்குது, சாவி போட்டதும் டிங்னு சத்தம் வந்து நம்பர் மினுக்குது. எண்ணெய் கணக்கு, ரேஞ்ச் எல்லாம் ஒழுங்காத்தான் வருது. ஏர்கோனும் குளிர மாட்டேங்குது, கேஸ் செக் பண்ணியாச்சு, இருக்கு. இங்க பட்டறைல ஸ்டியரிங் முன்னாடி வேகம் காட்டுற மீட்டரையே மாத்தணும்ங்கிறாங்க, பழைய மீட்டருக்கே அவங்க கேக்குற வெள்ளிய கேட்டுட்டு அப்பா காடியை வித்துடலாம்ங்கிறாரு, எனக்கு மனசே வரல.

ஈப்போ அண்ணன்:
மீட்டரை தொட விடாதீங்க தம்பி. வெளி வெப்பம் பாக்குற சென்சார் குளிர குளிர ரெசிஸ்டன்ஸ் ஏறுற சாமான். வயர் அறுந்தா கரண்டே ஓடாது, கம்ப்யூட்டர் அதை கடுங்குளிர்னு எடுத்துக்கும், அதான் -40. 3 டிகிரிக்கு கீழ இறங்குனா ரோட்ல ஐஸ் இருக்கும்னு உஷார்படுத்தத்தான் அந்த டிங். ஏர்கோனும் இதே நம்பரைத்தான் நம்புது, வெளிய அவ்ளோ குளிர்னா கம்ப்ரஸரை ஓட விடாது. ஆக ரெண்டு கோளாறுக்கும் வேர் ஒண்ணுதான். சென்சார் முன் பம்பருக்குள்ள இடது பக்கம், பிரேக்குக்கு காத்து போற டக்ட்கிட்ட இருக்கும். பம்பர் எங்கயும் உரசுச்சா?

சுங்கை சிப்புட் தம்பி:
உரசாம எங்கண்ணே, பாட்டி வீடு செம்பனை தோட்டத்துக்குள்ள, மழை பேஞ்சா பழ லோரி போன தடம் அவ்ளோ ஆழம், அடி தட்டாம வரவே முடியாது. எப்படி டெஸ்ட் பண்றது?

ஈப்போ அண்ணன்:
சாவிய அணைச்சிட்டு சென்சார் பிளக்கை கழட்டுங்க. வயர் பக்கத்து பிளக்ல ரெண்டு முனையையும் சின்ன கம்பியால சேத்துட்டு சாவி போடுங்க. நம்பர் மேல ஏறுனா வயர் நல்லாருக்கு, சென்சார்தான் போச்சு. -40லயே நின்னா நடுவுல எங்கயோ வயர் அறுந்திருக்கு.

பட்டர்வொர்த் அக்கா:
பழைய மீட்டர் வாங்காதீங்கன்னு நானும் சொல்றேன் தம்பி. இந்த காடில கிலோமீட்டர் கணக்கு மீட்டர்ல மட்டும் இல்ல, விளக்குகளை கட்டுப்படுத்துற லைட் மாடியூல்லயும் இருக்கு. ரெண்டும் ஒத்து வரலன்னா மீட்டர்ல சின்ன புள்ளி ஒண்ணு எரியும், நாளைக்கு விக்கப் போனா கணக்குல கை வச்சிருக்காங்கன்னு வாங்குறவங்க சந்தேகப்படுவாங்க.

சுங்கை சிப்புட் தம்பி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி! கம்பி சேத்தும் -40தான், அப்புறம் வயரை தடவிகிட்டே போனேன், பிளக்லேருந்து ஒரு விரல் தூரத்துல ரப்பர் உறை கிழிஞ்சு உள்ள செம்பு பச்சையா களிம்பேறி அறுந்து கிடந்துச்சு. நல்ல செம்பு தெரியிற வரைக்கும் வெட்டிட்டு ஈயம் வச்சு ஒட்டினேன். இப்ப 31 காட்டுது, ஏர்கோன் ஜில்லுன்னு வருது, அப்பா விக்கிற பேச்சை விட்டுட்டாரு.

ஈப்போ அண்ணன்:
சந்தோஷம் தம்பி. ஒட்டின இடத்துக்கு டேப் மட்டும் போதாது, தண்ணி ஏறும், சூடு காட்டினா சுருங்கி இறுக்குற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்க. அந்த வயரையும் தொங்க விடாம கேபிள் டை போட்டு பம்பருக்குள்ள மேல தூக்கி கட்டிடுங்க, இல்லன்னா அடுத்த மழைக்கு தோட்டத்து ரோடு மறுபடி இழுத்துடும்.